கொளத்தூரில் வாங்கிய குட்டிக் கோபி ஏன் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை?

கேள்வி கேட்ட தம்பிக்கு வியாசர்பாடி. கொளத்தூரில் ஒரு கடையில் 'நேனோ கோபி' என்று சொல்லி விற்ற இரண்டு கடல் மீன்களை வாங்கி, வீட்டில் இருக்கும் 30 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விட்டிருக்கிறார். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர். உடம்பு பாதி ஊடுருவித் தெரிகிறது. உள்ளே முதுகெலும்பை ஒட்டி வெள்ளைக் கோடுகள், இடையிடையே செம்பழுப்புத் திட்டுகள். ஒன்று மூன்று வாரம் இருந்தது, இன்னொன்று அதற்கு மேல் சில நாள். அம்மோனியா இல்லை, நைட்ரேட் குறைவு, உப்பு அளவும் சரி, இரையும் எடுத்தன. 'நான் என்ன தப்பு செய்தேன்? இந்த மீன் எங்கே வாழ்கிறது? நம்ம காசிமேட்டுக் கடலில் இருக்குமா?' என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் பெரும்பாலும் எந்தத் தப்பும் செய்யவில்லை. கடையில் நீங்கள் காசு கொடுத்தபோதே அந்த மீன்கள் கிழடு தட்டியிருக்கும். எப்படி என்று சொல்கிறேன். அந்தக் கணக்கு புரிந்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எவியோட்டா என்ற பேரினத்துக்குப் பொருந்துகின்றன. செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பவளத்திட்டுகளில் வாழும் குள்ளக் கோபிகள் இவை. இதுவரை 120க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், இன்னும் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய, தலையில் உள்ள நுண்துளைகள் எங்கெங்கே இருக்கின்றன, மார்புத் துடுப்பில் எத்தனை இழைகள் கிளை பிரிகின்றன என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதனால் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்து விற்பதில் நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை நாள் வாழும் என்று சொல்லாமல் விற்பதுதான் குறை.

கத்தாழைக் குழம்பு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், மீன் தலையை உடைத்தால் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கல் வரும். அது காதுக்கல். மீன் நிமிர்ந்து நீந்தவும் சத்தம் கேட்கவும் உதவுவது. எல்லா எலும்பு மீன்களுக்கும் இது உண்டு, கத்தாழைக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருப்பதால் நம் தட்டில் அகப்படுகிறது. இந்தக் கல்லின் மேல் நாளுக்கு ஒரு மெல்லிய சுண்ணாம்புப் படலம் படிகிறது. குட்டி மீனின் கல்லை எடுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். எண்ணினால் மீனின் வயது நாள் கணக்கில் வந்துவிடும். குஞ்சாகத் திறந்த கடலில் மிதந்து திரிந்துவிட்டுத் திட்டில் வந்து இறங்கிய நாளன்று வளையத்தின் தோற்றமே மாறும். ஆக, எத்தனை நாள் கடலில் அலைந்தது, எத்தனை நாள் திட்டில் இருந்தது என்பதும் அந்தக் கல்லிலேயே பதிந்திருக்கிறது.

மார்ஷியல் டெப்சின்ஸ்கி, டேவிட் பெல்வுட் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் எவியோட்டா சிஜில்லாட்டா என்ற இனத்தைப் பிடித்து, இப்படி எண்ணி 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகபட்ச வயது 59 நாள். முதுகெலும்புள்ள விலங்குகளில் இதைவிடக் குறைந்த ஆயுள் அதுவரை எதற்கும் பதிவாகவில்லை. அதற்கு முன்னால் அந்தப் பெயர் ஆப்பிரிக்காவில் மழைக்குட்டைகளில் வாழும் கில்லி மீனுக்கு இருந்தது. அதற்கே சுமார் 12 வாரம் உண்டு.

அந்த 59 நாளைப் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் தொட்டியில் நடந்தது புரியும். முதல் மூன்று வாரத்துக்கும் சற்று அதிகமான காலம் குஞ்சாகக் கடலில் மிதப்பதில் போகிறது. திட்டில் இறங்கியபின் ஒன்று இரண்டு வாரத்தில் பருவத்துக்கு வருகிறது. மீதி மூன்றரை வாரம்தான் வளர்ந்த மீனாக வாழ்க்கை. மிதக்கும் குஞ்சை யாரும் பிடித்து விற்பதில்லை. வலையில் அகப்படுவது வளர்ந்த மீன். பிடித்தவர், ஏற்றுமதி செய்பவர், விமானம், இங்கே இறக்குமதி செய்தவர், அப்புறம் கொளத்தூர்க் கடைத் தொட்டி என்று ஒவ்வோர் இடத்திலும் சில நாள் கழிந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தபின் மூன்று வாரம் இருந்ததே பெரிய விஷயம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 59 நாள் என்பது கடலில் கண்ட கணக்கு, அதுவும் ஓர் இனத்துக்கு. அதே ஆய்வாளர்கள் பிறகு பார்த்த வேறு இரண்டு எவியோட்டாக்கள் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தன, ஆனாலும் 100 நாளைத் தொடவில்லை. தொட்டியில் தின்ன வரும் எதிரி கிடையாது என்பதால் கொஞ்சம் நீளலாம். ஆனால் தங்கமீன் போல வருஷக் கணக்கில் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஏன் இப்படி அவசர அவசரமாக வாழ வேண்டும்? திட்டில் இந்த அளவு உடம்போடு இருந்தால் எல்லாருக்கும் இரைதான். பெரிய மீன்கள் மட்டுமல்ல, விரல் நீள மீனும் விழுங்கும், நண்டும் பிடிக்கும். அந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 7.8 விழுக்காடு என்ற அளவில் இறப்பு இருந்தது. நூறு மீன் இருந்தால் எட்டு ஒன்பது நாளில் பாதி காலி. மூன்றரை வாரம் கழித்துப் பதிமூன்று பதினான்குதான் மிஞ்சும். நாளை உயிரோடு இருப்போமா என்பதே உறுதியில்லாத மீன், மெதுவாக வளர்ந்து அடுத்த வருஷம் முட்டை போடலாம் என்று காத்திருந்தால் வம்சம் அற்றுவிடும். தாமதித்தவற்றின் வழி வந்தவை இன்று இல்லை. அவசரப்பட்டவற்றின் பேரப்பிள்ளைகள்தான் மிச்சம்.

இதே திட்டில், இதே உணவு, இதே தண்ணீரில் வாழும் க்ளவுன் மீனைப் பாருங்கள். அதுவும் சின்ன மீன்தான், விரல் நீளம் இருக்கும். ஆனால் கடல் சாமந்தி என்ற, பூப்போல இருக்கும் கொட்டும் விலங்குக்குள் குடியிருப்பதால் அதை யாரும் லேசில் நெருங்குவதில்லை. அதில் ஓர் இனம் 30 ஆண்டு வரை வாழக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு மாதம், பக்கத்து வீட்டில் இருப்பதற்கு 30 ஆண்டு. ஒளிய நல்ல இடம் கிடைத்ததா இல்லையா என்பதே ஆயுளை எப்படி மாற்றுகிறது பாருங்கள்.

எவியோட்டாவின் குடும்ப வாழ்க்கையும் இந்த நெருக்கடிக்கு ஏற்பத்தான் இருக்கிறது. கடலில் பல மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் கலந்துவிட்டுப் போய்விடும். அந்தக் குட்டி உடம்புக்குள் அவ்வளவு முட்டைக்கு இடம் ஏது? பெண் மீன் தன் ஆயுளில் மூன்று தடவை போல முட்டையிடும். ஒவ்வொரு தடவையும் நூறு நூற்றைம்பது முட்டை, மொத்தம் 400க்குள். எண்ணிக்கை குறைவு என்பதால் காவல் வேண்டும். ஒதுக்கமான இடத்தில் முட்டைகளை ஒட்டவைத்துவிட்டுப் பெண் போய்விடும். ஆண் மீன் அங்கேயே இருந்து துடுப்பால் நீரை விசிறி விசிறி, பூஞ்சை பிடிக்காமல், அடுத்தவர் தின்னாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு மாத ஆயுளில் இந்தக் காவலுக்கும் நாட்களை ஒதுக்குகிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்புதான். உங்கள் இரண்டும் ஜோடியாக இருந்திருந்தால், காலியான சங்கின் உள்பக்கமோ கல்லின் அடியிலோ முட்டை ஒட்டிய தடம் இருக்கும். திருப்பிப் பாருங்கள்.

குஞ்சுப் பருவத்தில் ஒரு புதிர் இருக்கிறது. எல்லாவற்றையும் சுருக்கிய இந்த மீன், மிதக்கும் காலத்தை மட்டும் சுருக்கவில்லை. மொத்த ஆயுளில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போய்விடுகிறது. ஒரு குஞ்சு கண், துடுப்பு, வாய் எல்லாம் அமைந்து திட்டில் பிழைக்கும் நிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது போலும்.

அந்தக் குஞ்சுகள் எங்கே போகின்றன என்பதைப் பற்றி சைமன் பிராண்டலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மற்ற திட்டு மீன்களின் குஞ்சுகள் கடலில் வெகு தூரம் சிதறிப் போகையில், கோபி, பிளென்னி மாதிரியான ஒளிந்து வாழும் குட்டி மீன்களின் குஞ்சுகள் திட்டை ஒட்டிய நீரிலேயே பெருமளவில் தங்குகின்றன. அதனால் செத்ததை ஈடுகட்டத் தினமும் புதிய ஆள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. திட்டில் பிற உயிர்கள் தின்னும் மீன் சதையில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு இந்தக் குட்டி மீன்களிடமிருந்து வருகிறது என்பது அவர்கள் கணக்கு. எடை போட்டால் ஒன்றுமில்லாத மீனுக்கு இவ்வளவு பங்கா என்று தோன்றும். தெருமுனை இட்லிக் கடையில் எப்போது எட்டிப் பார்த்தாலும் தட்டில் பத்து இட்லிதான் இருக்கும். ஆனால் காலையில் தெருவே அங்கேதான் சாப்பிட்டிருக்கும். ஈடு இறங்க இறங்கத் தட்டு காலியாகிறது, தட்டு காலியாக ஆக அடுத்த ஈடு இறங்குகிறது. நீச்சலடிக்கப் போகிறவர் கண்ணுக்குப் பெரிய மீன்கள்தான் தெரியும். அவற்றின் வயிற்றுக்குள் இருப்பது இவைதான் என்பது வெளியே தெரியாமல் போனதற்கு அதுவே காரணம்.

இவை இருக்கும் இடம் எது? பவளத்திட்டு என்றாலும் திட்டு முழுக்க அல்ல. உயிருள்ள பவளத்துக்குக் கீழே, உடைந்து விழுந்த பவளத் துண்டுகளும் மணலும் பாசிப் படலமும் கலந்து கிடக்கும் இடங்களில் எவியோட்டாக்கள் நிறைய. ஒவ்வொன்றும் ஒரு கையகல இடத்தை விட்டு அதிகம் நகராது. இரையும் அங்கேயே வந்துவிடும். தொட்டி வைத்திருப்பவர்கள் 'பாட்ஸ்' என்று சொல்லும் கோப்பிபாடு போன்ற நுண் கணுக்காலிகள்தான் முக்கிய உணவு. ஒரே அங்குலத்தில் தத்தி, நின்று, கண்ணை உருட்டி, மறுபடி தத்தி என்று வாழும் உடம்பமைப்பு இது. கண்கள் தலையின் மேல்பக்கம். முதுகில் இரண்டு துடுப்பு தனித்தனியாக. மற்ற மீன்களுக்கு உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு கோபிகளுக்குக் கிடையாது. தலையில் உள்ள துளைகளும் புடைப்புகளும் அந்த வேலையைச் செய்கின்றன. பெரும்பாலான கோபிகளுக்கு வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து உறிஞ்சு தட்டு ஆகிவிட்டிருக்கும், அதை வைத்துப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். எவியோட்டாவில் அது சேராமல் தனித்தனியாக, ஓரங்களில் இழை இழையாகக் கிளைத்து நிற்கும். உங்கள் மீன் கண்ணாடியில் ஒட்டாமல் அடியில் ஊன்றி உட்கார்ந்திருந்தால், காரணம் இதுதான்.

இந்தக் குள்ளர் கூட்டத்தில் எவியோட்டா மட்டும் இல்லை. பாறைக் கூரைகளின் அடியில் தலைகீழாகக்கூட மிதந்து நிற்கும் ட்ரிம்மா இருக்கிறது. அதில் ஒகினாவே என்ற இனத்தில் குழுவில் பெரியது ஆணாக இருக்கும். அதைவிடப் பெரிய ஆண் வந்து சேர்ந்தால் பழைய ஆண் மறுபடி பெண்ணாகிவிடும். ஒரு வழிப் பால்மாற்றம் திட்டு மீன்களில் சகஜம், இரண்டு பக்கமும் மாறுவது அரிது. ட்ரிம்மாட்டம் நானஸ் என்று இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலிருந்து 1981இல் விவரிக்கப்பட்ட கோபி வளர்ந்தே 10 மில்லிமீட்டர்தான். உலகின் மிகச் சிறிய முதுகெலும்பி என்ற பட்டம் பல காலம் அதனிடம் இருந்தது. பிறகு சுமத்ராவின் சதுப்பு நீரிலிருந்து ஒரு மீனும் பப்புவா நியூ கினியிலிருந்து ஒரு தவளையும் வந்து பட்டத்தைப் பறித்துக்கொண்டன. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கு நடக்கும் அந்தப் போட்டியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

எனக்குப் பிடித்தது கோபியோடான். நாலைந்து சென்டிமீட்டர் நீளம், கொழுகொழு உடம்பு, அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் கிளைகளுக்கு நடுவே வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும் மீன். தோலில் கசப்பு நச்சுச் சளி உண்டு. ஜோடி செத்துவிட்டால் வேறு துணை தேடி வெளியே நீந்துவது ஆபத்து. அதனால் வந்து சேரும் மீன் எந்தப் பாலாக இருந்தாலும், இரண்டில் ஒன்று மாறிக்கொண்டு ஜோடியாகிவிடும். டேனியல் டிக்சனும் மார்க் ஹேயும் ஃபிஜியில் செய்த சோதனை 2012இல் வெளியானது. பவளத்தைத் தொட்டாலே அதைக் கருக்கிக் கொல்லும் ஒரு பச்சைப் பாசி அங்கே இருக்கிறது. அந்தப் பாசியைக் கிளைகளின் மேல் வைத்தார்கள். சில நிமிடங்களில், கால் மணி நேரத்துக்குள், உள்ளிருந்து கோபிகள் வந்து பாசியைக் கொறித்து வெட்டத் தொடங்கின. பாசியை ஊறவைத்த நீரை மட்டும் விட்டுப் பார்த்தார்கள், மீன் வரவில்லை. பாசி பட்டுக் காயமான பவளத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து வேறிடத்தில் விட்டதும் வந்தன. அதாவது கூப்பிட்டது பவளம். அந்தக் கோபிகளில் ஓர் இனம் வெட்டியதை விழுங்கவும் செய்தது. விழுங்கியபின் அதன் தோல் நச்சு இன்னும் கடுமையானது. வீட்டுக்குக் காவலும் ஆயிற்று, தனக்கு ஆயுதமும் ஆயிற்று.

சரி, காசிமேடு. எவியோட்டாவோ கோபியோடானோ அங்கே ஏலத்துக்கு வராது, கடலிலும் எதிர்பார்க்க வேண்டாம். பவளம் திட்டாக வளரத் தெளிந்த நீர், நல்ல வெளிச்சம், உப்பு அளவில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமை எல்லாம் வேண்டும். வடசென்னைக் கரையில் மணலும் வண்டலும் ஓயாமல் புரள்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலையாறும் கூவமும் நன்னீரையும் கலங்கலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதற்கும் மேல், வங்கக் கடலின் மேற்பரப்பே வடக்கிலிருந்து வரும் பெரிய ஆறுகளால் உப்புக் குறைந்தது. தமிழ்நாட்டில் பவளத்திட்டு பார்க்க மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள், 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதில் இரண்டு தீவுகள் பவளம் தோண்டியதாலும் கடல் மட்டத்தாலும் நீருக்குள் போய்விட்டன. பாக் நீரிணையிலும் கொஞ்சம் உண்டு. அதைவிட்டால் லட்சத்தீவு, அந்தமான், குஜராத்தின் கட்ச் வளைகுடா.

ஆனால் கோபிக் குடும்பம் நம்ம ஊரில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டே இருப்பீர்கள். உளுவை கோபிதான். பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் வரும் அந்தப் பழுப்பு மீனைத் திருப்பிப் போட்டு வயிற்றைப் பாருங்கள், இரண்டு துடுப்பும் சேர்ந்து வட்டமாக ஒரு தட்டு இருக்கும். மேலே சொன்ன உறிஞ்சு தட்டு அதுதான். குழம்பில் போடுமுன் பார்த்துக்கொள்ள இதைவிட மலிவான பாடம் கிடையாது.

எண்ணூரில் அலையாத்திச் செடிகள் நிற்கும் சேற்றில், நீர் வடிந்த நேரத்தில், கண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தத்தித் திரியும் சேற்று மீன்களும் இதே கூட்டத்தின் கிளை. செவுள் அறையில் நீரையும் காற்றையும் தேக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு விடும். பழைய புத்தகங்களில் கோபிக் குடும்பத்திலேயே இருக்கும். இப்போது பக்கத்துக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். அந்தச் சேறு பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கழிமுகம் முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. தோலால் மூச்சு விடும் மீனுக்கு எண்ணெய்ப் படலம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கழிமுகம், சேறு இரண்டும் போக, நம்ம ஊரில் கோபி இருக்கும் மூன்றாவது இடம் உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை கடலோரமாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அது. சென்னைக் கரையில் மணல் ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்காகத்தான் நகர்கிறது. துறைமுகம் கட்டியதும் அந்த மணல் தெற்கே தடுத்து நின்றது. மெரினா அகலமானது, வடக்கே கரை அரித்துக்கொண்டு போனது. தெருக்களே கடலுக்குள் போன பிறகு கல் சுவரும் தூண்டில் வளைவுகளும் வந்தன. மணல் கரையை இழந்த வடசென்னைக்கு, யாரும் திட்டமிடாமலே ஒரு பாறைக் கரை கிடைத்தது. பாசியும் சிப்பியும் பிடித்த அந்தக் கற்களுக்கு நடுவில் தேங்கும் நீரில், பாறை இடுக்குகளில் வாழப் பழகிய பாத்திகோபியஸ் வகைக் கோபிகளைத் தேடலாம். எவியோட்டாவை விடப் பெரியவை, விரல் நீளம் வரும். கல்லின் நிறத்திலேயே இருக்கும், அசைந்தால்தான் தெரியும். மார்புத் துடுப்பின் மேல்பக்க இழைகள் பட்டு நூலாகப் பிரிந்து நிற்பது இந்தப் பேரினத்தின் அடையாளம்.

இந்தப் பேரினத்தில் அட்லாண்டிக்கில் வாழும் ஒன்றைப் பற்றி லெஸ்டர் அரோன்சன் 1951இல் எழுதியது பிரபலம். நீர் வற்றிய நேரத்தில் பாறைக்குழியில் தனியாக மாட்டிய மீனைத் தொந்தரவு செய்தால், அது துள்ளி அடுத்த குழியில் போய் விழும். அங்கேயும் விடாவிட்டால் அதற்கடுத்த குழி. அடுத்த குழி அதன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெறும் பாறையில் விழுவதும் அபூர்வம். செயற்கைக் குழிகளைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார். நீர் ஏறியிருந்தபோது அந்த இடத்தின் மேல் ஒருமுறை நீந்திப் பார்க்க வாய்ப்புக் கிடைத்த மீன்கள் சரியாகத் துள்ளின, கிடைக்காதவை தடுமாறின. பாறையின் மேடு பள்ளத்தை மீன் நினைவில் வைத்துக்கொள்கிறது, அதுவும் வாரக்கணக்கில். நம் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதனால் பெரிய குழிகள் அமையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும்போது போனால் கற்களுக்கு நடுவே கொஞ்சம் பார்க்கலாம். கல் வழுக்கும், அலை சொல்லிக்கொண்டு வராது. தனியாகப் போக வேண்டாம்.

அடுத்து என்ன வளர்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். எவியோட்டாவை மறுபடி வாங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. தொட்டிக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஆயுள் போன மீனுக்குக் காசு கொடுப்பது வீண். திட்டு மீன் பிடிப்பில் சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கும் பழக்கமும் இன்னும் ஒழியவில்லை; ஆய்வாளர்கள் குட்டிக் கோபிகளைப் பிடிக்கக் கிராம்பு எண்ணெய்தான் பயன்படுத்துகிறார்கள், வியாபாரத்தில் அந்தப் பொறுமை எல்லாரிடமும் இருக்காது. கோபியே வேண்டும் என்றால் தொட்டியில் பொரித்து வளர்த்த நியான் கோபி கிடைக்கிறதா என்று கேளுங்கள். அது அட்லாண்டிக் மீன், மற்ற மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பது, வருஷம் தாண்டியும் இருக்கும். பெரிய தொட்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் க்ளவுன் மீன் நல்லது. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையத்திலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறை உருவாகியிருக்கிறது, அதனால் கடலிலிருந்து பிடித்ததை வாங்க வேண்டிய தேவை இல்லை.

கடைசியாக இரண்டு விஷயம். தொட்டிக்குள் வைக்கும் பவளக்கல்லை 'மன்னார் லைவ் ராக்' என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடாதீர்கள். கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத் துண்டானாலும் வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். செயற்கையாகச் செய்த கல்லில் பாக்டீரியா பிடிக்கக் கொஞ்சம் நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். இன்னொன்று, கேன் எடுத்துக்கொண்டு போய்க் காசிமேட்டுக் கரையில் கடல் நீர் பிடிக்கலாமா என்று உங்களைப் போலப் பலர் கேட்கிறார்கள். டீசலும் சாக்கடையும் கலந்த கரை நீர் அது. உப்பு வாங்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வியாசர்பாடி வீட்டுக்குள் 30 லிட்டர் தொட்டி 32 பாகையைச் சுலபமாகத் தாண்டும், நீரில் கரைந்த ஆக்சிஜனும் குறையும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் சின்ன ஃபேன் ஒன்றும் வைத்துவிட்டு அப்புறம் மீன் வாங்கப் போங்கள்.